செவலைக்கு விழுந்த அடி

ஜெயக்கொடி அத்தைக்கு நாய் என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்கு அந்த ஒரு நாயைத்தான் பிடிக்கும். வேறு நாய் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தால் விளக்குமாறு பறக்கும். செவலை மட்டும் வீட்டுக்குள் வந்து, அடுப்படியில் படுத்து, சாம்பலில் புரண்டு, சாம்பல் நிறத்தில் வெளியே போகும். கேட்டால், அதுக்குக் குளிருது என்பாள். சித்திரை வெயிலில் எந்த நாய்க்குக் குளிரும்? கேட்கிறவர்தான் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே இரண்டு மைல். இது நடந்தது முப்பதுகளின் நடுவில், நான் பிறப்பதற்கு முன்னால். பாதி என் அம்மா சொன்னது, மீதி அத்தையே சொன்னது. என் அப்பா வெள்ளைத்துரை அப்போது ஊர் நாட்டாமை. அவரும் இதில் செய்ததைச் செய்தார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

அத்தை வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வசதியுள்ளவர்கள் பெண்ணோடு பசுவை அனுப்பினார்கள். அத்தையின் அண்ணனிடம் பசு இல்லை. வீட்டு நாய் போட்ட குட்டிகளில் செவலை நிறத்தில் ஒன்றை எடுத்து, வலது காதைக் கொஞ்சம் நறுக்கி, நார்ப்பெட்டியில் வைத்துத் தங்கையின் மடியில் கொடுத்துவிட்டான். வண்டி ஊர் வந்து சேர்வதற்குள் குட்டி அவளுடைய கூறைப்புடவையை நனைத்துவிட்டது. ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் சிரித்த சிரிப்பைச் சொல்லி என் அம்மா கிழவியான பிறகும் சிரிப்பாள்.

மாப்பிள்ளை பேயாண்டி மாமா அதிகம் பேசாதவர். ஒரு கிணறு, அரைக் குறுக்கம் நிலத்தில் மிளகாய், ஒரு ஜோடி மாடு. அவருக்கு ரோசம் கொஞ்சம் கூடுதல். அடுத்தவன் காட்டில் உதிர்ந்து கிடக்கிற கடலையைக்கூடக் குனிந்து எடுக்கமாட்டார். நாயைப் பார்த்து முதலில் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் மாதம் பார்த்தால், கஞ்சி குடித்து முடிக்கும்போது கடைசிக் கவளத்தை உருட்டித் தனியாக வைத்துக்கொண்டு, "தோ தோ" என்று கூப்பிடுகிறார். அது அவருடைய வழக்கமாகிவிட்டது. கஞ்சி எவ்வளவு கம்மியாக இருந்தாலும் அந்தக் கடைசிக் கவளம் செவலைக்குத்தான். பிறகு துண்டின் ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியை அது கவ்வி இழுக்கும். பேசாத மனிதர் அப்போது வாய்விட்டுச் சிரிப்பார் என்று அம்மா சொல்வாள்.

நாயால் வந்த வம்புகளுக்கும் குறைவில்லை. பக்கத்து வீட்டு முத்துத்தாய் கூரையில் காயப்போட்ட கருவாட்டை அது தடம் தெரியாமல் தின்றுவிடும். அவளுடைய கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விக் கொண்டுவந்து, கொல்லாமல், அத்தையின் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு முத்துத்தாய் ஒரு மாதம் பேசவில்லை. பீர்க்கங்கொடியின் வேரில் குழி பறித்துப் படுக்கும். இடி இடித்தால் குதிருக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டு வெளியே வராது. மத்தியானங்களில் அத்தை அதை மடியில் போட்டு உண்ணி பிடுங்குவாள். ஒருமுறை வேற்றூர் நாய்களோடு சண்டை போட்டுக் கழுத்துப் புண்ணில் புழு வைத்துவிட்டது. சீத்தா இலையை அரைத்து வைத்து, இருபது நாள் ஈ அண்டாமல் கூடவே உட்கார்ந்து பிழைக்கவைத்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவளைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் அப்போது ரேகைச் சட்டத்துக்குள் இருந்தவர்கள். திருடினானோ இல்லையோ, பிறந்த குலத்துக்காகப் பெருவிரலில் மை தடவிப் பதிவு செய்துவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் பாயைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குப் போய், ஏட்டு முன்னால் ரேகை வைத்து, அங்கேயே படுத்து விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வரலாம். ஆண் இல்லாத ஊரை இரவெல்லாம் காத்தவை நாய்கள்தான். செவலை மாமாவுக்கு முன்னால் சாவடி வரை போகும். அவர் ரேகை வைக்கும்வரை படியில் உட்கார்ந்திருக்கும். பிறகு யாரும் சொல்லாமலே திரும்பி வந்து, அத்தை படுத்திருக்கும் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். விடியும் முன் மறுபடி போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரும்.

கல்யாணமான மறு வருஷம், முத்துத்தாயின் பசு கன்று ஈன முடியாமல் கிடந்த ஒரு நாள், மாமா சாவடிக்குப் போகப் பிந்திவிட்டார். அதற்கு மூன்று மாதம் மதுரை ஜெயில். அந்த மூன்று மாதத்தில் அவர்களுடைய முதல் பிள்ளை, எட்டு மாத ஆண் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது. வெளியே வந்தவருக்கு அத்தை காட்டியது ஓடைக்கரையில் ஒரு மண்மேட்டைத்தான். இன்னொரு முறை மாட்டினால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்று ஜெயிலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அத்தைக்கு உலகத்தில் ஒரே பயம்தான். மாமா மறுபடி உள்ளே போய்விடக் கூடாது.

அப்புறம் மழை பொய்த்த வருஷம் வந்தது. கிணற்றில் கமலை இறைக்கத் தண்ணீர் இல்லை. மிளகாய் கருகியது. சோளமும் தீர்ந்து, கம்பும் தீர்ந்து, ஒரு வேளைக் கஞ்சியைத் தண்ணீர் ஊற்றி இரண்டு வேளையாக்கிக் குடித்தார்கள். அந்தக் கஞ்சியிலும் மாமா கடைசிக் கவளத்தை எடுத்து வைப்பதை நிறுத்தவில்லை. அதற்காக அத்தை அவரோடு ஒருநாள் சண்டை போட்டாள். அவர் கவளத்தை நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்து போனார். அவர் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்ததாம்.

மலைக்கு அந்தப்புறம் ஒரு பண்ணை வீடு. அங்கே பெண்ணுக்குக் கல்யாணம், மூன்று நாள் பந்தி. பருப்பு வேகிற மணம் மலையைத் தாண்டி வருகிறது என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பசியில் மணம் வந்திருக்கலாம். முதல் நாள் மத்தியானம் அத்தை விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் செவலையோடு கிளம்பினாள். பண்ணை வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் எச்சில் இலை கொட்டுகிற குழி இருந்தது. நாய் தின்னட்டும் என்றுதான் போனேன் என்று அவள் சொல்வாள். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் இலைகளில் வெள்ளைச் சோறு கைபடாமல் அப்படியே கிடந்தது. இலை அள்ளிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு என்கிறவள் பார்த்துவிட்டு, யாருமில்ல, எடுத்துக்க தாயி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை எடுத்தாள். குழம்பு படாத சோற்றை மடியில் அள்ளிக் கட்டினாள். வீட்டுக்கு வந்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, உப்புப் போட்டு, மோர் இருந்த முத்துத்தாயிடம் ஒரு கரண்டி வாங்கி ஊற்றி, மாமாவின் கலயத்தில் வைத்தாள். அரிசிச் சோற்றைப் பார்த்ததும் அவர் ஏது என்று கேட்டார். அண்ணன் அரிசி கொடுத்தனுப்பினான் என்றாள். அவர் ருசித்துச் சாப்பிட்டார். உங்க அண்ணன் நல்லாருக்கணும் என்றாராம். மூன்று நாளும் அதே சோறு, அதே பொய். எச்சில் இலைச் சோற்றைப் புருசனுக்குப் போட்டவள் என்று ஊருக்குத் தெரிந்தால் அவள் தூக்கு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாமாவுக்குத் தெரிந்தால் அவர் மாட்டிக்கொள்வார். எங்கள் பக்கத்து ரோசம் அப்படி.

பந்தி முடிந்தது. ஆனால் ருசி கண்ட நாய்க்குப் பந்தி முடிந்தது தெரியுமா? சாவடிக்கு மாமாவைக் கொண்டுவிட்ட கையோடு அது மலையைச் சுற்றிப் பண்ணைக்கு ஓடி, இலைக்குழியைக் கிளறிவிட்டு விடியுமுன் திரும்பிவிடும். நாலு நாள் கழித்துப் பண்ணையில் ஒரு ஜோடிக் காளை களவு போயிற்று. மாட்டுக்காரன் தவசி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தபோது காளைகள் இல்லை. தொழுவத்துக்குப் பின்னால் ஒரு செவலை நாய் நின்றது, வலது காது நறுக்கியது. அதை மட்டும்தான் அவன் பார்த்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் குதிரையில் எங்கள் ஊருக்கு வந்தார். செவலை வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. இது யார் நாய் என்று கேட்டார். முப்பத்திரண்டு ஆண்கள் நின்றார்கள். ஊர் நாய், ஏமான், எல்லா வீட்டிலயும் திங்கும் என்று என் அப்பா சொன்னார். களவு நடந்த இரவில் ஊர் ஆண்கள் எல்லோரும் சாவடியில் ரேகை வைத்திருப்பதை ஏட்டு எடுத்துக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் புஸ்தகத்தைப் பார்க்கவே இல்லை.

"ரேகை வச்சுட்டுப் பின்பக்கமா எவன் எந்திரிச்சுப் போனான்னு இந்தப் புஸ்தகம் சொல்லுமா? நாய் சொல்லும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கண்மாய்க்குள் ஊர் ஆண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தனாக நாயைக் கூப்பிட வேண்டும். நாய் எவனிடம் போகிறதோ அவன்தான் களவாணி. அதற்குள் நாய் செத்தாலோ காணாமல் போனாலோ, முப்பத்திரண்டு பேரும் இரவில் மட்டுமல்ல, பகலிலும் ஸ்டேஷனில் வந்து உட்கார வேண்டும், வருஷம் முழுக்க. சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

அவர் போனதும் ஆண்கள் கூடினார்கள். உண்மையைச் சொல்லி, நாய் பேயாண்டியுடையதுதான், ஆனால் அவன் களவாணி இல்லை என்று கேட்டுப்பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ரேகைக்காரன் பேச்சைக் கோர்ட்டில் கேட்பார்கள் என்ற நம்பிக்கை யாருக்கும் கிடையாது. அதில் தப்புச் சொல்ல எனக்கும் வாயில்லை. அதற்கப்புறம் அந்த முப்பத்திரண்டு மூளைகளும் சேர்ந்து யோசித்த யோசனை இருக்கிறதே, அதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. சொன்னது என் அப்பா.

"மாப்ள, கொல்லவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது. உன்னயக் கண்டா அது ஓடணும். அம்புட்டுத்தான். ஆறு நாள் இருக்கு."

முதல் நாள் மாமா துண்டை முறுக்கிக்கொண்டு அடித்தார். செவலை விளையாட்டு என்று நினைத்துத் துண்டின் நுனியைக் கவ்வி இழுத்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்ற ஆண்கள் இது ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் புளிய விளார் ஒடித்துக் கையில் கொடுத்தார்கள். அடி விழுந்ததும் அது கத்திக்கொண்டு வைக்கோல் போரை ஒரு சுற்றுச் சுற்றி ஓடியது. பிறகு வயிற்றைத் தரையில் இழைத்துக்கொண்டு அவரிடமே வந்து, விளார் பிடித்த கையை நக்கியது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக அது நினைத்துக்கொண்டது.

அத்தை அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கேட்டாள். பண்ணைக்கு நாயைக் கூட்டிப்போனது நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடி நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். தங்கப்பொண்ணு சாட்சி இருக்கிறாள். அன்று மாமா கஞ்சிக்கு வந்து உட்கார்ந்தபோது எதிரில் போய் நின்றாள். என்ன என்று கேட்டார். உப்புப் பத்துமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒருவேளை அடி பலித்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததை என் அம்மாவிடம் சொல்லும்போது அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாளாம்.

மூன்றாம் நாள் என் அப்பா வேறு வழி சொல்லிக்கொடுத்தார். துரத்திப்போய் அடித்தால் நாய்க்கு விளாரின் மேல்தான் பயம் வரும். வெள்ளிக்கிழமை கையில் விளார் இருக்காது. அதனால் ஆசையாகக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் வந்ததும் அடிக்க வேண்டும். குரலுக்கே பயப்பட வேண்டும்.

மாமா கூப்பிட்டார். "தோ தோ" என்ற அதே குரல், கடைசிக் கவளத்துக்குக் கூப்பிடுகிற குரல். செவலை நேற்று வாங்கிய அடியை மறந்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அடித்தார். தூரப் போய் நின்றது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி வந்தது. காலையில் எட்டுத் தடவை, சாயங்காலம் எட்டுத் தடவை. நாலாம் நாள் பின்னங்கால் ஒன்று தரையில் ஊன்றவில்லை. அப்போதும் கூப்பிட்டதும் மூன்று காலில் வந்தது, ஆனால் மெதுவாக, நின்று நின்று. மாமா அடித்துக்கொண்டே அழுதார் என்றும், அழுதுகொண்டே எண்ணினார் என்றும் அம்மா சொல்வாள். எட்டுத் தடவை என்றால் எட்டுத் தடவை. ஊர் சொன்னதைக் குறைக்க அவருக்குத் தைரியமில்லை. மதுரை ஜெயிலும் ஓடைக்கரை மண்மேடும் அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவர் பாயைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குக் கிளம்பியபோது செவலை எழுந்திருக்கவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் தனியாகப் போனார்.

ஐந்தாம் நாள் அவர் "தோ" என்றதும் அது படுத்த இடத்திலேயே நடுங்கி மூத்திரம் விட்டது. பிறகு வேலியை நுழைந்து ஓடியது. மாமா வீட்டுக்குள் வந்து, ஓடிருச்சு புள்ள, இன்னைக்கு ஓடிருச்சு என்று அத்தையிடம் சொன்னார். ஜெயித்தவர் மாதிரி சொல்லிவிட்டு, குடித்த கஞ்சியை முற்றத்தில் வாந்தி எடுத்தார். அத்தை அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். இனிச் சொல்ல வேண்டியதில்லை, பிழைத்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

வெள்ளிக்கிழமை கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆண்கள் வெயிலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பெண்கள் கரைமேல் கருவேல மரத்தடியில் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி போட்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் செவலையைக் கயிற்றில் பிடித்து வந்து அவிழ்த்துவிட்டார். அது நொண்டிக்கொண்டு போய் அவருடைய சைக்கிள் நிழலில் படுத்தது.

ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். கருத்தக்கண்ணன் கூப்பிட்டார், அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்ந்துகொண்டது. முத்துக்கருப்பன் கூப்பிட்டார், காதை ஆட்டியது. என் அப்பா கூப்பிட்டபோது வாலை இரண்டு தடவை தரையில் தட்டியது, எழுந்திருக்கவில்லை. பதினெட்டுப் பேர் ஆயிற்று. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். பத்தொன்பதாவது மாமா. குரலை மாற்றிக் கரகரவென்று கூப்பிட்டார்.

அவர் "தோ" என்று சொல்லி முடிக்கவில்லை. செவலை எழுந்தது, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது, ஊளையிட்டுக்கொண்டு மூன்று காலில் கரைமேல் ஏறியது. பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மீதிப் பதின்மூன்று பேரைக் கூப்பிடச் சொல்லவில்லை.

"பதினெட்டுப் பேர் கூப்பிட்டப்ப சும்மா கெடந்த நாய் உனக்கு மட்டும் ஏண்டா நடுங்குது? முதுகு பூராம் தடிப்பா இருக்கு. ஊர் நாயை எவண்டா இம்புட்டுப் பாடுபட்டு அடிப்பான்?"

முப்பத்திரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்பாக வந்திருந்தாலாவது எங்கள் வீட்டுச் சோற்றையும் தின்கிற நாய் என்று சொல்லியிருக்கலாம். பயத்தை என்னவென்று சொல்வது? ஊருக்குப் பொதுவாக இருந்த நாயின் மேல் அடித்து அடித்து அவர் பேரை எழுதிவிட்டார்கள். மாமா கையை நீட்டினார். விலங்கு மாட்டினார்கள்.

அத்தை கரையிலிருந்து இறங்கி வந்தாள். செவலை அவளை ஒட்டிக்கொண்டே வந்தது. மாமா இருந்த பக்கம் வந்ததும் அவளுடைய மறுபக்கம் மாறிக்கொண்டது.

"அது என் நாய்ங்க. எங்க அண்ணன் குடுத்தது. பண்ணைக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

எதற்கு என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சோத்துக்குங்க."

அவருக்குப் புரியவில்லை. ஊருக்குப் புரிந்துவிட்டது. அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "கல்யாணத்து எச்சி எலைச் சோறுங்க. மூணு நாளும் போயி அள்ளிட்டு வந்தேன். இது ருசி கண்டுக்கிட்டுப் பெறகும் தனியாப் போயிருக்கு. எலை எடுத்த தங்கப்பொண்ணக் கேளுங்க."

சைக்கிளில் ஆள் போய்த் தங்கப்பொண்ணைக் கூட்டிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அத்தை வெயிலில் நடுக் கண்மாயில் நின்றாள். முத்துத்தாய் காறித் துப்பியது கேட்டது. அவள் கொடுத்த மோர் அந்தச் சோற்றில்தான் விழுந்தது என்று கணக்குப் போட்டிருப்பாள். தங்கப்பொண்ணு வந்து, ஆமாம் என்றாள். இலைக்குழி தொழுவத்துக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது, இந்த நாய் பந்தி முடிந்தும் தினம் வந்து அதில் கிளறியது, மாடு போன அன்றைக்கும் கிளறியிருந்தது என்றாள். கூடவே வந்திருந்த தவசியும் தலையை ஆட்டினான். சப்-இன்ஸ்பெக்டர் கையில் இருந்த ஒரே சாட்சி நாய்தான். அது சோற்றுக்கு வந்த நாய் ஆகிவிட்டது. தோற்ற கோபத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார், கேட்டிருக்க வேண்டாத கேள்வி.

"யார் யாரெல்லாம் அந்தச் சோத்தைத் தின்னீங்க?"

"நானும் நாயுந்தாங்க. அவருக்கு எதுவும் தெரியாது."

மாமா அதுவரை குனிந்தே இருந்தார். இப்போது அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் கொடுத்தனுப்பிய அரிசி எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும். எழுந்து நின்றார்.

"நானுந்தான் தின்னேன். மூணு நாளும் தின்னேன்."

விலங்கைக் கழற்றினார்கள்.  என் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காளைகள் பிறகு வாடிப்பட்டிச் சந்தையில் கிடைத்ததாகக் கேள்வி, யார் கொண்டுபோய் விற்றது என்று எங்கள் ஊருக்குத் தெரியவே இல்லை.

அன்று வீட்டில் மாமா அத்தையைத் திட்டவில்லை. கஞ்சியை வைத்ததும் குடித்தார். ஒன்றே ஒன்று கேட்டார். "மொத நாளே சொல்லியிருக்கலாம்ல, புள்ள."

  வயதான பிறகும் அத்தை திடீரென்று என் அம்மாவிடம் வந்து, அடிச்சது அவரு இல்ல மதினி, என் தெறக்காத வாயி என்பாள். அம்மா சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அன்று கலயத்தின் அடியில் கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு மாமா பழக்கத்தில் "தோ தோ" என்று கூப்பிட்டுவிட்டார். குதிருக்குப் பின்னால் செவலை படுத்திருந்த இடத்திலிருந்து ஈரம் பரவி வெளியே வந்தது. அதற்கப்புறம் அவர் அந்த நாயை வாய்திறந்து கூப்பிட்டதே இல்லை. கால் சரியாயிற்று, தடிப்பு ஆறி மயிர் முளைத்தது. அத்தையின் மடியில் படுத்து உண்ணி பிடுங்கக் கொடுத்தது. முத்துத்தாயின் கருவாட்டைக்கூடத் திருடியது. அவர் நிழல் பட்டால் மட்டும் எழுந்து போய்விடும். அவர் கவளத்தைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவர் போனதை நன்றாகப் பார்த்த பிறகு அது வந்து தின்னும். சாயங்காலம் சாவடிக்குப் போகும்போது பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். வாசலில் உட்கார்ந்திருக்கும், வராது. இப்படி ஏழு வருஷம். பிறகு ஒரு மாசியில் அத்தையின் மடியிலேயே செத்தது.

நாற்பத்தேழில் சட்டத்தை எடுத்தார்கள். ஆண்கள் பாயைத் தூக்கிக்கொண்டு போவது நின்றது. நான் பார்த்த மாமா தன் வீட்டில் தன் பாயில் தூங்குகிற மாமாதான். ஆனால் கஞ்சி குடித்து முடிக்கும்போது கடைசிக் கவளத்தை உருட்டிக் கொண்டுபோய்த் துவைகல்லில் வைப்பார். வைத்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய், யாருக்கும் தெரியாதபடி ஒதுங்கி நிற்பார். காக்கைகள் வந்து தின்றுவிட்டுப் போகும். அத்தை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்வரை அவர் அங்கேயே நிற்பார்.